மாப்பிள்ளை கையில் மடக்குக் கத்தி

"இரும்பு எங்கேம்மா?" என்று கேட்டார் ஐயர்.

நலங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில், முகமெல்லாம் சந்தனமும் மஞ்சளுமாக என் அக்கா மகன் சுரேந்தர் மணையில் உட்கார்ந்திருந்தான். ஐயரின் உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது.

எங்கள் பக்கத்தில் நலங்கு வைத்த மாப்பிள்ளை கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, அதன் நுனியில் எலுமிச்சம்பழத்தைக் குத்திவிடுவார்கள். தாலி கட்டும் நேரம் வரை அவன் அதைக் கீழே வைக்கக் கூடாது. காத்து கருப்பு அண்டாது, கண்ணேறு படாது. மூக்கு அரித்தால் என்ன செய்வான் என்பதற்கு மட்டும் பெரியவர்கள் வழி சொல்லவில்லை.

மல்லிகா அக்கா கைப்பையைத் திறந்தாள். கட்டைப் பையைக் கவிழ்த்தாள். சீர்த்தட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் எது காணாமல் போனாலும் கடைசியாக என்னைப் பார்ப்பது வழக்கம்.

"டேய், துண்டுல சுத்தி பிரிட்ஜி மேல வச்சேன்டா. அங்கியே கீது."

சமையல்கட்டில் கத்திக்குப் பஞ்சமில்லை. ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது நேத்து யார் கல்யாணத்துல வெங்காயம் நறுக்கித்தோ. வீட்டு இரும்பா இருக்கணும்."

அப்போது சுரேந்தர் சிரித்தான். 

வேட்டி இடுப்பிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்தான். உறைக்குள்ளிருந்து வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று ஒரு பொருள் வந்தது. கட்டைவிரல் நகத்தை ஒரு சின்னப் பள்ளத்தில் மாட்டி இழுத்தான். டக்! கத்தி திறந்தது. கூட்டம் 'ஆ' என்றது. வீடியோக்காரர் ஓடி வந்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கத்தியைப் படம் பிடித்தார்.

"இதுவும் எங்க வூட்டு இரும்புதான் சாமி."

ஐயர் இப்படியும் அப்படியும் பார்த்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் ஏகப்பட்ட வேலை பாக்கி. எலுமிச்சம்பழத்தை நுனியில் குத்தி, குங்குமம் வைத்து, அவன் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது என்பது அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் அதைக் கையில் பிடித்திருந்தான். இன்னொருவனுக்கு வியர்க்க ஆரம்பித்தது.

பூட்டில்லாத அழகு

சுரேந்தருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பயிற்சிக்கு என்று ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். போனவர்கள் சாக்லெட் வாங்கி வருவார்கள். இவன் ஒரு பைத்தியத்தை வாங்கி வந்தான்.

அங்கே ஏதோ ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால், மடக்குக் கத்திகளை நகை மாதிரி வெல்வெட்டில் படுக்க வைத்திருந்தார்களாம். ஒரு ஆள், ஒரு பட்டறை. இயந்திரத்தில் கொட்டி எடுப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கையால் அடித்து, அரத்தால் ராவி, தேய்த்துச் செய்வது. வேண்டுமென்றால் பேரைக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். இவன் நின்றான். பெண்ணுக்காகக் காத்த காலமும் கத்திக்காகக் காத்த காலமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் ஒரே வாரத்தில் கைக்கு வந்து சேர்ந்ததில் பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

பார்சல் வந்த அன்றே எனக்கு வீடியோ கால் செய்தான்.

"மாமா, போன காதுல வச்சிக் கேளு."

டக். சற்று இடைவெளி. டக்.

கத்திப் பிரியர்கள் இந்தச் சத்தத்தைக் கத்தியின் பேச்சு என்பார்களாம். சத்தத்தை வைத்தே செய்தவனின் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவார்களாம்.

"பேசுதா மாமா?"

"பேசுது. இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லாது. சும்மா பேசும்."

எங்கள் குடும்பத்தில் சேர அதற்கு எல்லாத் தகுதியும் இருந்தது.

அலகு, அடுக்கடுக்காக எஃகை மடித்து அடித்துச் செய்தது. பாலாற்றில் தண்ணீர் வடிந்த பிறகு மணலில் நிற்குமே வரிகள், அது மாதிரி மேலே வரி ஓடும். பிடி, பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்த மாமூத் என்கிற பழங்கால யானையின் தந்தம். இவ்வளவும் சொன்னவனிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்.

"பூட்டு எங்கடா?"

"பூட்டு இருந்தா அது வேலக்காரக் கத்தி மாமா. இது ஜென்டில்மேன் கத்தி."

ஜென்டில்மேன் கத்திக்கு முதுகில் ஒரு வில்பட்டை மட்டும் உண்டு. திறந்த அலகை அது அழுத்திப் பிடித்திருக்கும். வெட்டும் பக்கம் எவ்வளவு அழுத்தினாலும் கல் மாதிரி நிற்கும். முதுகுப் பக்கம் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் வாயை மூடிக்கொள்ளும். பிடித்திருப்பவனின் விரல்கள் அந்த வாய்க்குள் இருக்கும்.

இப்போது அதன் உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம் வேறு. தலைக்கனம் வந்தால் கவிழ்வது மனிதன் மட்டும் அல்ல.

பயந்தவன் சொல்லும் சரித்திரம்

பயம் வந்தால் சிலருக்குச் சாமி பேர் வாயில் வரும். எனக்கு, எப்போதோ படித்ததெல்லாம் வரும். பரீட்சையில் வராதது எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரும். அன்று மண்டபத்துத் தூணோரம் நின்று, மருமகனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மடக்குக் கத்தியின் சரித்திரம் மொத்தமும் வந்தது.

ஐரோப்பாவில் இரும்புக் காலத்துச் சவக்குழிகளில் எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. செத்தவனுக்கு எதற்கு மடக்கி வைத்தார்கள் என்று தெரியவில்லை. குத்திவிடக் கூடாதே என்ற அக்கறையாக இருக்கலாம். வசதியான ரோமாபுரிக்காரன் பயணம் போகும்போது கரண்டி, முள், கத்தி மூன்றையும் ஒரே பிடிக்குள் மடக்கி எடுத்துப் போயிருக்கிறான். மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கட்சி. கல்யாணம் மகனுக்கு என்றாலும், அவர் காலையிலிருந்து பந்தியை விட்டு வெளியே வரவில்லை.

முதுகில் வில்பட்டை வைக்கும் வித்தையில் பேர் வாங்கியவர்கள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கொல்லர்கள். இறகுப் பேனா காலத்தில் கூர் சீவுவதற்கு ஒரு குட்டிக் கத்தி வேண்டியிருந்தது. பேனாக் கத்தி என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஜப்பானில் இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு திரியக் கூடாது என்று உத்தரவு வந்ததும், வாள் அடித்த கைகள் சில, பைக்குள் அடங்கும் மடக்குக் கத்திக்கு இறங்கி வந்தன.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி, மறு பக்கம் ஓலையை நறுக்கி வாரும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். வசதியுள்ளவர்கள் பிடியைத் தந்தத்தில் இழைத்து வைத்துக்கொண்டார்கள். எழுதுகிற முனையும் வெட்டுகிற முனையும் ஒரே ஆள் கையில் இருந்திருக்கிறது. எழுத்தாளனும் பத்திரிகை ஆசிரியரும் தனித்தனி ஆட்களாகப் பிரிந்து சண்டை போட ஆரம்பித்தது பிற்பாடுதான்.

டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியதே, அதற்கான உருக்கு தென்னாட்டிலிருந்துதான் கப்பல் ஏறியது என்கிறார்கள். இதைச் சொன்னால் சுரேந்தர் திருத்துவான். "அது வேற எஃகு மாமா, இது வேற." இருக்கட்டுமே. வெளிநாட்டுச் சாமானைப் பார்த்தால் 'இது நம்மிடமிருந்து போனது' என்று சொல்லிக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

உத்திரமேரூரைப் பற்றி எழுதிவிட்டுக் குடவோலைக் கல்வெட்டைச் சொல்லாமல் விட்டால் ஊருக்குள் விட மாட்டார்கள். சொல்லிவிட்டேன். மேலே போவோம்.

சகுனக்காரர்

ஒரு விரல் வெட்டுக்கா இத்தனை நடுக்கம் என்று நீங்கள் கேட்கலாம். போன வாரம் இதே பத்திரிகையில் என் பல் பிடுங்கிய கதையைப் படித்தவர்கள், 'இவன் எதற்கும் நடுங்குவான்' என்று முடிவே கட்டியிருக்கலாம். ஆனால் அன்று என் பயம் விரலுக்காக அல்ல. பெண்ணின் அப்பாவுக்காக.

ஏகாம்பரத்துக்குத் திருமுக்கூடலில் நிலம், கூடவே நெல் வியாபாரம். தங்கமான மனிதர். சகுனத்தில் மட்டும் யார் பேச்சும் எடுபடாது. பூ வைக்க நாங்கள் போன அன்று, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்த பிறகு சுவரில் பல்லி சொன்னது. எந்தப் பக்கம் சொன்னது என்று எங்களுக்கு விளங்குவதற்குள் அவர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். "இன்னிக்கி வாணாம் சம்மந்தி." அந்த 'இன்னிக்கி' ஆறு மாதம் நீடித்தது.

அடுத்தது நிச்சயதார்த்தம். உடைத்த தேங்காய் அழுகல். மாற்றவிருந்த வெற்றிலைத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுபடியும் மாதக்கணக்கில் மௌனம்.

சுரேந்தரும் அவர் மகள் பூர்ணிமாவும் ஒரே தொழிற்சாலைப் பேருந்தில் போய்வந்து பழகியவர்கள். பல்லிக்கும் தேங்காய்க்கும் நடுவில் அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அடுத்த தேங்காய நானே தட்டிப் பாத்து வாங்கியாறேன். அதுவும் அழுகுனா என்னயே தூக்கிப் போடுங்க" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார். இறங்கும்போது எல்லோர் எதிரிலும் ஒரு வார்த்தை சொன்னார்.

"மூணாவது தபா எதுனா ஆச்சின்னா சாமியே வாணாங்குதுன்னு அர்த்தம். அப்பால என்ன யாரும் கேக்கக் கூடாது."

தாலி ஏறுவதற்கு முன்னால் மணமேடையில் மாப்பிள்ளையின் ரத்தம். இதற்கு என்ன பலன் என்று கண்டுபிடிக்கப் பஞ்சாங்கம் வேண்டாம்.

நான் மணப்பெண் அறைக் கதவைத் தட்டினேன். பூர்ணிமா தலையில் பாதிப் பூவோடு திரும்பினாள். தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவள் தொழிற்சாலையில் பார்ப்பது தரக்கட்டுப்பாடு. பூட்டு இல்லை என்றதும் புரிந்துகொண்டாள்.

"மாமா, எங்கப்பா பல்லிக்கே எழுந்து போனவரு. ரத்தத்தப் பாத்தாருன்னா மண்டபத்தையே பேத்து எடுத்துக்கினு போய்டுவாரு."

"நீயாவது அவன்கிட்ட சொல்லேம்மா. உன் பேச்சக் கேப்பான்."

"ஒரு தபா அந்தக் கத்தில இன்னா விசேசம்னு கேட்டேன். பஸ்ஸு ஒரகடம் வர வரிக்கும் நிறுத்தல. அதுலேர்ந்து கத்தின்னு வாயத் தொறக்கறதில்ல. நீங்களே எதுனா பண்ணுங்க மாமா. ப்ளீஸ்."

 என்னை நம்பி யாராவது ஒரு காரியத்தை ஒப்படைத்தால், அந்தக் காரியத்துக்காக நான் அனுதாபப்படுவேன்.

புள்ளையாரே வந்துட்டாரு

முதல் யோசனை சுலபமானது. அக்கா வீட்டுச் சாவி இருக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன் போட்டேன். அவன் பைக்கில் பறந்து போய், பிரிட்ஜ் மேலிருந்த வீட்டுக் கத்தியைத் துண்டோடு கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். தேங்காய் மூடி தோண்டித் தோண்டி முனை மழுங்கிய, மடங்கவே மடங்காத, அழகென்பதே இல்லாத கத்தி. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

மேடைக்குக் கொண்டு போனால் அங்கே ஏகாம்பரம் நிற்கிறார். மாப்பிள்ளை கைக் கத்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இது இன்னா கொம்பு மாப்ள?"

சுரேந்தர் வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே பாய்ந்தேன். செத்த மிருகத்தின் பல் என்று தெரிந்தால் தீட்டு என்பாரே. "அது ஒண்ணுமில்ல சம்மந்தி, ஏதோ ஒரு மாதிரி பிளாஸ்டிக்கு..."

"பிளாஸ்டிக்கா!" சுரேந்தருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தந்தம் மாமா. பல்லாயிரம் வருசத்துக்கு முந்தின யானையோட தந்தம். பனில பொதஞ்சி கெடந்துது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஏகாம்பரம் பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"யானத் தந்தமா! புள்ளையாரே வந்துட்டாரு சம்மந்தி! கூப்டாம வந்துட்டாரு!"

துண்டுப் பொட்டலத்தை மெல்ல நீட்டினேன். "இது வீட்டுக் கத்தி. இப்பதான் வந்துது. மாத்திடலாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிப்போனேன். "இன்னா பேசற சம்மந்தி? வந்த புள்ளையார வெளிய அனுப்பிட்டு, தேங்கா தோண்டறதக் கைல குடுக்கறதா? ஏற்கனவே ரெண்டு தபா ஆயிப்போச்சி."

ஐயரும் சேர்ந்துகொண்டார். பழம் குத்திய இரும்பு மாப்பிள்ளை கையிலிருந்து தாய்மாமன் கைக்குத்தான் மாறலாம், அதுவும் தாலி எடுக்கும்போதுதான் என்றார். நான்தான் அந்தத் தாய்மாமன். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

"சரி சாமி, ஒரு மஞ்சக் கயித்த எடுத்து அந்த மூட்டுல சுத்திக் கட்டிடலாமா? பாதுகாப்பா இருக்கும்."

"கட்டிப் போட்ட நாய் காவல் காக்குமா?" என்றார் ஐயர். அத்துடன் வழிகள் எல்லாம் அடைபட்டன.

பாதியில் நின்றது

மாப்பிள்ளை பெரியவர்கள் காலில் விழும் சடங்கு ஆரம்பித்தது. எங்கள் உறவில் பெரியவர்கள் அதிகம். அன்று ஒவ்வொருவரும் எனக்குப் பகையாளியாகத் தெரிந்தார்கள்.

அவன் குனிவான், எலுமிச்சம்பழம் தரையை நோக்கி இறங்கும். நானும் பக்கத்தில் நின்று குனிவேன். அவன் நிமிர்ந்தால் நிமிர்வேன். மருமகனைவிட மாமனுக்குப் பக்தி அதிகம் என்று யாரோ பின்னால் பேசிக்கொண்டார்கள்.

ஏகாம்பரத்தின் முறை வந்தது. சுரேந்தர் மரியாதையைக் கொஞ்சம் தாராளமாகக் காட்டினான். பழம் தரையில் மோதியது. டிக்! அலகு பாதி மடங்கி, பிடிக்குச் செங்குத்தாக நின்றது.

என் உயிரும் அதே இடத்தில் நின்றது.

அவன் எழுந்து, சர்வ சாதாரணமாக இடது கையால் அலகை நிமிர்த்தினான். ஏகாம்பரம் ஆசீர்வாதம் செய்வதில் மும்முரமாக இருந்ததால் பார்க்கவில்லை.

"பாத்தியா மாமா," என் காதில் கிசுகிசுத்தான். "பாதில நிக்கறதுக்குன்னே ஒரு வெட்டு வச்சிருக்காரு. விரல்ல படாது. இன்னா வேலப்பாடு பாரு."

"அதையும் தாண்டி மடங்குனா?"

"அதுக்கு நல்லா வேகமா இடிக்கணும்." பிறகு முகம் வாடிச் சொன்னான், "எனக்கு வேற கவல மாமா. எலுமிச்ச சாறு எறங்கிக்கினே கீது. எஃகு கறுத்துடும்."

அவனுக்குக் கத்தியைப் பற்றிக் கவலை. எனக்கு அவனைப் பற்றிக் கவலை. மல்லிகா அக்கா பந்தியில் வடை தீர்ந்துவிட்டதாகக் கவலைப்பட்டாள். ஒரு கல்யாணத்தில் கவலைகள் இப்படிப் பங்கு பிரிந்துதான் நிற்கும். யார் பங்கு நிஜமாகும் என்பது கடைசி வரை தெரியாது.

கை மாறியது

பெண்ணை அழைத்து வந்தார்கள். தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் தட்டைக் கும்பிட்டேனா, பக்கத்திலிருந்த அந்த வெண்ணெய் நிறப் பிடியைக் கும்பிட்டேனா, நினைவில்லை.

"தாய்மாமன் வாங்கோ" என்றார் ஐயர். "கத்திய வாங்கிக்கோங்கோ. நேரா, நிமிர்த்தியே புடிங்கோ. கீழே வைக்கப்படாது."

மாம்பழம் நறுக்கத் தெரியாதவன் நான். வீட்டில் என்னிடம் கத்தி கொடுப்பதில்லை. சுரேந்தர் கத்தியை என் வலது கையில் வைத்து, விரல்களை அவனே மடக்கிவிட்டான். "இறுக்கிப் புடி மாமா," என்றான். அவன் விரல்கள் பத்தும் முழுசாக இருந்தன. காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு விட்டேன். ஆபத்து நீங்கிவிட்டது என்றே நினைத்தேன். அது இடம்தான் மாறியிருந்தது.

கெட்டி மேளம். அட்சதை மழை. சுரேந்தர் தாலியைக் கழுத்தருகே கொண்டு போனான். முதல் முடிச்சு.

மூலையிலிருந்து நல்ல கோணம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வீடியோக்காரர் காமிராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் நகர்ந்தார். அவர் முழங்கை எலுமிச்சம்பழத்தை முதுகுப் பக்கமிருந்து இடித்தது. பாதி வழி நிறுத்தத்தில் அலகு நிற்கவில்லை.

டக்.

இரண்டாவது முடிச்சு விழுந்துகொண்டிருந்தது. என் ஆள்காட்டி விரலில் முதலில் குளிர்ச்சி தெரிந்தது. அப்புறம் நெருப்பு. பழம் என் சுண்டுவிரல் பக்கம் மோதி நசுங்கியதால்தான் அலகு முழுக்க மூடவில்லை. விரல் தப்பியது. ஆனால் நசுங்கிய பழத்தின் சாறு முழுவதும் வெட்டுக்குள் இறங்கியது. அந்த எரிச்சலுக்குத் தமிழில் சொல் இல்லை. இருந்தாலும் இந்த வார இதழில் அச்சிட மாட்டார்கள்.

நான் கத்தவில்லை. ஒரு சத்தம் வந்தால் எல்லோரும் திரும்புவார்கள். மூன்றாவது முடிச்சு இன்னும் விழவில்லை. அதை நாத்தனார் போட வேண்டும். சுரேந்தரின் தங்கை கவிதா குனிந்தாள். பூமாலை தடுத்தது. அதை ஒதுக்கினாள். ஜடை தடுத்தது. ஜடையை ஒதுக்கினாள். எதையும் அரைகுறையாகச் செய்து ஓடுகிற பெண், அன்றைக்கென்று பார்த்து அத்தனை நிதானமாக இருந்தாள்.

கத்தி கவ்விய வலது கையின் கீழே இடது கையை ஏந்திக்கொண்டேன். விரலிடுக்கில் ஒரு சொட்டு தப்பித்து, மேடை விரிப்பில் விழுந்தது.

நிமிர்ந்தேன். எதிரே ஏகாம்பரம்.

அவர் சொட்டைப் பார்த்தார். அது வந்த வழியே அவர் கண்கள் ஏறின. என் கை, கத்தி, நசுங்கிய பழம், என் முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பல்லி சொன்ன அன்றும் தேங்காய் உடைந்த அன்றும் நான் பார்த்த அதே முகம். அவர் கைகள் மெல்ல ஒன்றுசேர ஆரம்பித்தன. கும்பிட்டுவிட்டு எழுந்து போகிறவரின் கைகள்.

அந்த நேரத்தில் பூர்ணிமா தலையைத் தூக்கினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவுதான். கழுத்தில் இரண்டு முடிச்சோடு, மூன்றாவதற்குக் குனிந்த தலையை நிமிர்த்தி, ஒரு பார்வை.

ஏகாம்பரம் இரண்டே எட்டில் சுற்றி என்னிடம் வந்தார். தோளிலிருந்த பட்டுத் துண்டை உருவினார். கத்தி, பழம், ரத்தம், விரல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றி, முன்னால் நின்று மறைத்துக்கொண்டார். தூரத்தில் இருந்தவர்களுக்கு, சம்மந்திக்கு மரியாதை செய்வது போலத்தான் தெரிந்திருக்கும்.

"மூச்சு வுடாத சம்மந்தி."

"எரியுது சம்மந்தி."

"எரியட்டும்."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், "ஐயய்யோ, அங்க இன்னா ரத்..." என்று எழும்பியது. ஏகாம்பரம் மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, நெல் மூட்டை ஏலத்தில் கத்துகிற குரலில் கத்தினார்.

"இன்னாப்பா தூங்கறீங்களா? கெட்டியா அடிங்கப்பா! இன்னும் கெட்டியா!"

தவில் இடியாக இறங்கியது. அந்தப் பெண்குரல் அதற்கு அடியில் எங்கோ புதைந்துபோனது. கவிதா மூன்றாவது முடிச்சைப் போட்டு நிமிர்ந்தாள்.

அட்சதை மழை ஓய்ந்ததும் மல்லிகா அக்கா ஓடி வந்தாள். துண்டின் ஓரம் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். "டேய்! இன்னாடா இது? ரத்தமா?"

மேடையில் எல்லோர் முகமும் ஒரே நேரத்தில் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பியது. சுரேந்தரின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவன் கை பூர்ணிமாவின் கையைப் பிடித்திருந்தது.

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரத்தம்தான். தாய்மாமன் ரத்தம். மணமேடல தாய்மாமன் ரத்தம் ஒரு சொட்டு வியுந்தா வம்சம் தழைக்கும். எங்க நைனா அடிக்கடி சொல்லுவாரு."

 இரண்டு மூன்று கிழவிகள் "ஆமா, ஆமா, நாங்களும் கேட்டுக்கீறோம்" என்றார்கள். அவருடைய நைனா அதை எப்போது, யாரிடம் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அதற்குள் அவர் துண்டின் சிவந்த ஓரத்தை உள்ளே மடித்துச் செருகி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தாய்மாமன் இன்னும் வாழ்த்தவில்லையே என்று யாரோ ஞாபகப்படுத்தி, தட்டை என் முன்னால் நீட்டினார்கள். வலது கை துண்டுக்குள் இருந்தது. சுபகாரியத்துக்கு ஆகாத இடது கையால் அட்சதையை அள்ளி, பிள்ளைகள் தலையில் போட்டேன்.

ஏகாம்பரம் அதையும் பார்க்கவில்லை.